கேட்டால் மட்டுமே சொல்லும் விளக்கு: 1970 எம்.ஜி.பி. காரின் எச்சரிக்கை விளக்குகளும் பிரேக்கும்

எம்.ஜி.பி. ரோட்ஸ்டர் என்ற திறந்த கூரை பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரைப் பற்றி எழுதுகிறவர்கள் அதன் உருவ அழகையும், கூரையை மடித்துவிட்டுக் காற்று முகத்தில் அடிக்க ஓட்டுகிற சுகத்தையும் எழுதி நிறுத்திவிடுவது வழக்கம். அவை இரண்டும் உண்மைதான். ஆனால் அமெரிக்கச் சந்தைக்காக 1970-இல் செய்யப்பட்ட இந்தக் காரை இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகக் கலிஃபோர்னியாவின் மலைச்சாலைகளில் ஓட்டிய பிறகு, வாங்க நினைக்கிற ஒருவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியவை வேறு இரண்டு என்று உறுதியாக நம்புகிறேன். டேஷ்போர்டில் எரியும், அல்லது எரியாமல் இருக்கும், சிறு விளக்குகள் எதைச் சொல்கின்றன என்பது ஒன்று. காலுக்குக் கீழே இருக்கிற பிரேக் மிதி எதைச் சொல்கிறது என்பது மற்றொன்று. இந்த மதிப்புரை அவ்விரண்டைப் பற்றி மட்டுமே.

இங்கிலாந்தின் அபிங்டன் நகரில் 1962 முதல் 1980 வரை 5 லட்சத்துக்கும் மேற்பட்ட எம்.ஜி.பி. கார்கள் செய்யப்பட்டன, அவற்றில் பெரும்பங்கு அமெரிக்காவுக்குத்தான் கப்பலேறியது. 1798 சி.சி. நான்கு சிலிண்டர் எஞ்சின், நான்கு கியர், முன்சக்கரங்களில் டிஸ்க், பின்சக்கரங்களில் டிரம் என்ற அமைப்பு கடைசிவரை பெரிதாக மாறவில்லை. மாறியது பிரேக்கின் குழாய் அமைப்பு. 1968 முதல் அமெரிக்காவில் விற்கப்படும் கார்களில் பிரேக் திரவக் குழாய்கள் ஒரே சுற்றாக இருக்கக் கூடாது, ஒரு சுற்று செயலிழந்தால் மற்றொன்று காரை நிறுத்த வேண்டும், அவ்வாறு ஒன்று செயலிழந்ததை ஓட்டுநருக்கு ஒரு விளக்கு அறிவிக்க வேண்டும் என்று அந்நாட்டுச் சட்டம் கேட்டது. அதனால் இங்கிலாந்திலேயே விற்ற எம்.ஜி.பி. பல ஆண்டுகள் ஒற்றைச் சுற்றோடு ஓடிக்கொண்டிருந்தபோதே, அமெரிக்காவுக்கு வந்த கார்களுக்கு இரட்டைச் சுற்றும் ஒரு சிவப்பு விளக்கும் கிடைத்தன. முன்சக்கரங்கள் இரண்டும் ஒரு சுற்று, பின்சக்கரங்கள் இரண்டும் மற்றொரு சுற்று.

இன்றைய காரில் சாவியைத் திருப்பினால் பத்துப் பதினைந்து விளக்குகள் ஒரே நேரத்தில் எரிந்து, கணினி தன்னைத்தானே சோதித்துக்கொண்டு, ஒவ்வொன்றாக அணைந்து விடும். எரியாத விளக்கு என்றால் குறை ஏதும் இல்லை என்று அந்தக் கார்கள் நம்மைப் பழக்கிவிட்டன. எம்.ஜி.பி.யில் அந்தப் பழக்கம் ஆபத்தானது. இங்கே கணினி கிடையாது. ஒவ்வொரு விளக்குக்கும் பின்னால் ஒரு பல்பு, ஒரு கம்பி, ஒரு ஸ்விட்ச் அவ்வளவுதான். அரை நூற்றாண்டு கடந்துவிட்ட அந்த மூன்றில் எது கெட்டாலும் விளக்கு இருண்டே இருக்கும்.

நீல விளக்கு ஹைபீமுக்கு, பச்சை விளக்குகள் இண்டிகேட்டருக்கு. அவற்றில் சொல்ல ஒன்றுமில்லை. எஞ்சின் ஆயிலுக்கு விளக்கே கிடையாது, அதன் அழுத்தத்தைக் காட்டும் ஒரு மீட்டர் இருக்கிறது. எஞ்சின் சூடேறி நெடுஞ்சாலை வேகத்தில் போகும்போது 50 முதல் 80 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்ட் என்ற அழுத்த அளவு) வரையிலும், சூடான எஞ்சின் நின்ற இடத்தில் மெதுவாக ஓடும்போது 10 முதல் 25 வரையிலும் முள் நிற்க வேண்டும் என்பது தயாரிப்பாளரின் கணக்கு. புதிதாக வாங்கியவர்கள் சிக்னலில் நிற்கும்போது முள் 20-க்கு இறங்குவதைப் பார்த்துப் பதறுவதுண்டு, பதற வேண்டியதில்லை.

சிவப்பு இக்னிஷன் விளக்கைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். சாவியைத் திருப்பியதும் அது எரிய வேண்டும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். அதன் ஒரு முனை சாவி வழியாக பேட்டரியோடும் மறுமுனை, பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரோடும் இணைந்திருக்கிறது. இரண்டு பக்கமும் மின்னழுத்தம் சமமானால் விளக்கில் மின்சாரம் ஓட வழியில்லாமல் அணைந்துவிடுகிறது. எளிமையான, எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. ஆனால் இதில் ஒரு சூட்சுமம் உண்டு: ஆல்டர்னேட்டர் விழித்தெழுவதற்கு வேண்டிய முதல் சிறு மின்னோட்டமும் இந்த பல்பின் வழியாகவே போகிறது. பல்பு ஃபியூஸ் போய்விட்டால், விளக்கு எரியாது என்பதோடு முடிவதில்லை. ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யாமலே இருந்துவிடலாம். ஆகவே சாவியைத் திருப்பியதும் சிவப்பு தெரியாவிட்டால் அதை நல்ல சகுனம் என்று எடுத்துக்கொள்ளாமல், அன்றைக்கே பல்பைக் கழற்றிப் பார்ப்பது நல்லது.

ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தச் சிவப்பு விளக்கு திடீரெனப் பளிச்சென்று எரிந்தால், பலர் பேட்டரிதான் சார்ஜ் ஆகவில்லை, வீடுவரை போய்விடலாம் என்று எண்ணுகிறார்கள். இந்த மாடலில் ஆல்டர்னேட்டரைச் சுழற்றும் அதே பெல்ட்தான் தண்ணீர் பம்பையும், அந்தப் பம்போடு சேர்ந்த ஃபேனையும் சுழற்றுகிறது. பெல்ட் அறுந்திருந்தால் ரேடியேட்டரில் தண்ணீர் ஓட்டமே நின்றுவிட்டது என்று பொருள். எனவே உடனே ஓரங்கட்டி, எஞ்சினை நிறுத்தி, பானட்டைத் திறந்து பெல்ட் இருக்கிறதா என்று பார்த்த பிறகே அடுத்த முடிவு. இதற்கு மாறாக, இரவில் ஹெட்லைட் போட்டதும் மட்டும் அந்த விளக்கு மின்மினிபோல மங்கலாக மினுங்கினால், பெரும்பாலும் காரணம் ஃபியூஸ் பெட்டியிலோ கம்பி இணைப்புகளிலோ ஏறிய பச்சைக் களிம்பு. என் காரில் ஒரு மாலைப்பொழுது முழுவதும் உட்கார்ந்து அந்த இணைப்புகளைச் சுரண்டிச் சுத்தம் செய்ததில் மங்கல் ஒளி அறவே நின்றுவிட்டது.

இனி டேஷ்போர்டில் உள்ள பிரேக் எச்சரிக்கை விளக்கு. அது ஒரு சிறு அழுத்து ஸ்விட்சுக்குள்ளேயே பதிந்திருக்கிறது. சாவியைத் திருப்பினால் அது தானாக எரியாது. ஸ்விட்சை விரலால் அழுத்தினால் எரியும். கையை எடுத்தால் அணையும். ஓட்டுநர் கேட்டால்தான் அது தன் நலத்தைச் சொல்லும். பானட்டுக்குள்ளே பிரேக் குழாய்கள் வந்து சேரும் ஒரு சிறு உலோகக் கட்டை இருக்கிறது. அதன் உள்துளையில் ஒரு குட்டிப் பிஸ்டன். ஒரு பக்கம் முன்சுற்றின் அழுத்தம், மறுபக்கம் பின்சுற்றின் அழுத்தம். இரண்டும் சமமாக இருக்கும்வரை பிஸ்டன் நடுவில் நிற்கும். மிதியை அழுத்தும்போது ஒரு சுற்று ஒழுகி அழுத்தம் இழந்தால், வலுவான பக்கம் பிஸ்டனைத் தள்ளிவிடும். அது நகர்ந்து நடுவில் செருகியிருக்கும் ஸ்விட்சை இயக்க, டேஷ்போர்டில் சிவப்பு எரியும். 1960-களுக்கு இது அருமையான சிந்தனை என்பதில் எனக்கு ஐயமில்லை.

அந்தச் சிந்தனையின் எல்லையை எனக்குக் கற்பித்தது 9ஆம் எண் நெடுஞ்சாலை. ஸ்கைலைன் சாலையில் இருந்து சாரடோகா ஊருக்கு இறங்கும் அந்தப் பாதை, செம்மரங்களுக்கு இடையே வளைந்து வளைந்து ஏறத்தாழ 7 மைல் நீளத்துக்கு ஒரே இறக்கமாகப் போகும். கார் வாங்கி இரண்டாவது மாதம். புறப்படுவதற்கு முன் முறைப்படி அந்த ஸ்விட்சை அழுத்திப் பார்த்தேன். சிவப்பு எரிந்தது, அணைந்தது. மூன்றாவது கியரில் இறங்கியிருக்க வேண்டியவன் நான்காவதில் போட்டுக்கொண்டு, வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்தபடியே வந்தேன். பாதி வழியில் ஏதோ கருகும் வாடை. அடுத்த வளைவில் மிதி வழக்கமான இடத்தில் நிற்காமல், ஈரப் பஞ்சை மிதித்ததுபோல் உள்ளே போனது. இரண்டாம் முறை அடித்து மிதித்தபோதுதான் பிடித்தது. கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கையும் இழுத்து, சாலையோர ஒதுக்கிடத்தில் காரை நிறுத்தினேன். முன்சக்கரங்களின் அருகே கையைக் கொண்டுபோக முடியவில்லை. அப்படி ஒரு அனல். டேஷ்போர்டில் மட்டும் எந்த விளக்கும் எரியவில்லை. அரை மணி நேரம் ஆறவிட்ட பிறகு மிதி பழையபடி கெட்டியானது. இரண்டாவது கியரிலேயே மிச்ச மலையை இறங்கி வீடு சேர்ந்தேன்.

மறுநாள் காலை பானட்டைத் திறந்து, டார்ச் விளக்கோடு குனிந்து பார்த்தபோது கண்ட காட்சியை நான் மறக்கமாட்டேன். அழுத்தத்தை உணரும் ஸ்விட்சுக்குப் போக வேண்டிய கம்பிகள் கழற்றப்பட்டு, கறுப்பு இன்சுலேஷன் டேப் நேர்த்தியாகச் சுற்றப்பட்டு, மற்ற கம்பிகளின் கட்டுக்குப் பின்னால் செருகப்பட்டிருந்தன. டேப்பின் ஓரம் பசை உருகி, தூசி படிந்து, பல ஆண்டுகளுக்கு முந்தைய வேலை என்று காட்டியது. விளக்கு ஓயாமல் எரிகிறது என்று முன்பு வைத்திருந்த யாரோ, விளக்கு சொன்ன குறையைச் சரிசெய்வதற்குப் பதிலாக விளக்கின் வாயை அடைத்திருக்கிறார்கள். வாங்குவதற்கு முன் காரைப் பார்த்துத் தரச்சொல்லி நான் பணம் கொடுத்த ஒர்க்‌ஷாப்பும் இதைக் கவனிக்கவில்லை. டேஷ்போர்டு ஸ்விட்சை அழுத்தியதும் விளக்கு எரிந்ததால் அவர்களும் என்னைப்போலவே திருப்தி அடைந்திருப்பார்கள். அந்தச் சோதனை, பல்பு உயிரோடு இருக்கிறது என்பதை மட்டுமே காட்டும்; பானட்டுக்குள் இருக்கிற ஸ்விட்சோ அதன் கம்பியோ உயிரோடு இருக்கிறதா என்பதைக் காட்டாது. இந்தக் காரின் வடிவமைப்பில் நான் காணும் மிகப் பெரிய குறை இதுதான். எச்சரிக்கை அமைப்பின் பாதியை மட்டும் சோதித்துவிட்டு முழுவதையும் சோதித்த நிம்மதியை அது கொடுக்கிறது.

முழுச் சோதனை கடினமானதன்று. சாவியை இக்னிஷனில் வைத்துக்கொண்டு, பானட்டுக்குள் இருக்கிற அழுத்த ஸ்விட்சின் கம்பிகளைக் கழற்றி ஒன்றோடொன்று தொடவைத்தால் டேஷ்போர்டில் சிவப்பு எரிய வேண்டும். எரிந்தால் கம்பிவழி முழுவதும் சரி. நான் அப்படித் தொடவைத்தேன், எரிந்தது. பிறகு கம்பிகளை ஸ்விட்சில் மாட்டினேன்; விளக்கு எரிந்தது, அணையவே இல்லை. உள்ளே இருந்த பிஸ்டன் எப்போதோ ஒரு பக்கம் போய், அங்கேயே துருவில் ஒட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. ஆக முந்தைய நாள் மலையில் அந்த விளக்கு சும்மா இருந்ததற்குப் பொருளே இல்லை.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்தக் கட்டை பழுதில்லாமல் இருந்திருந்தாலும், அன்று விளக்கு எரிந்திருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. அது ஒப்பிட்டுப் பார்ப்பது இரண்டு சுற்றுகளின் அழுத்த வேறுபாட்டை மட்டுமே. டிஸ்க்கை அழுத்தும் பேட் தேய்ந்தது, பின் டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் ஷூ தளர்ந்தது, பேடை டிஸ்க்கின்மீது அழுத்தும் காலிப்பர் இறுகியது, தொட்டியில் திரவம் குறைந்து வருவது ஆகிய எதுவும் அதற்குத் தெரியாது. மலையில் நடந்தது பழைய பிரேக் திரவம் கொதித்ததனால்.

நாம் எல்லோரும் வாய்ப்பழக்கமாக அதைப் பிரேக் ஆயில் என்கிறோம். இந்தக் காரைப் பொறுத்தவரை அந்தப் பெயரே ஆபத்து. அது எண்ணெய் இல்லை. தவறிப்போய் எஞ்சின் ஆயிலோ வேறு கனிம எண்ணெயோ அந்தத் தொட்டியில் விழுந்தால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் ஊதிப் பருத்து, மொத்த அமைப்பையும் பிரித்து மாற்ற வேண்டிவரும். உரிய திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 4 வகைத் திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ்வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரவிதி. ஈரம் ஏறிய நிலைக்கு அதே விதி கேட்பது 155 டிகிரி மட்டுமே. நீண்ட இறக்கத்தில் டிஸ்க்கின் சூடு காலிப்பருக்குள் ஏறும்போது அந்த வேறுபாடுதான் உயிரைக் காக்கும் இடைவெளி. திரவம் கொதித்தால் நீராவிக் குமிழ்கள் உண்டாகும். திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது, குமிழைச் சுருக்க முடியும். கால் கொடுக்கிற விசையெல்லாம் குமிழைச் சுருக்குவதிலேயே போய்விடும். ஆறியதும் குமிழ் மறைந்து மிதி மீண்டும் கெட்டியாகும். ஒன்றுமே நடக்காததுபோல் தோன்றுவதால்தான் பலர் அதைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடுகிறார்கள். என் காரில் இருந்து வடித்தெடுத்த திரவம் கண்ணாடிப் புட்டியில் கட்டங்காப்பி நிறத்தில் இருந்தது. புதிது வெளிறிய தேன் நிறத்தில் இருக்கும். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை முழுவதையும் மாற்றிவிடுவது என்பதை அன்று முதல் விதியாக வைத்திருக்கிறேன்.

பழைய பிரிட்டிஷ் கார்களில் மட்டும் வேலை செய்யும் ஒரு சிறிய ஒர்க்‌ஷாப்பில் மீதியைச் சரிசெய்துகொண்டேன். அந்த மெக்கானிக் வேலை செய்த விதத்தைப் பாராட்டாமல் இருக்க முடியாது. உலோகக் கட்டையைப் பிரித்து, உள்ளே இருந்த குட்டிப் பிஸ்டனை என் உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். சுண்டுவிரலை விட மெலிதான அந்த உருளையின் ஒரு பக்கம் பழுப்பு நிறத் துரு. அதன் இரண்டு ரப்பர் வளையங்களும் கல்லாக இறுகியிருந்தன. துளையைச் சுத்தம் செய்து, வளையங்களை மாற்றி, பிஸ்டனை நடுவில் நிறுத்திச் செருகினார். ஏர் எடுப்பதற்கு, அதாவது குழாய்களில் சிக்கிய காற்றை வெளியேற்றுவதற்கு முன்னால், கட்டையில் உள்ள பிளாஸ்டிக் ஸ்விட்சைத் தளர்த்தி வைத்தார். காரணம் கேட்டேன். ஏர் எடுக்கும்போது ஒரு சுற்றின் திருகு திறந்திருப்பதால் அந்தப் பக்கம் அழுத்தம் இருக்காது, பிஸ்டன் ஒருபுறமாக ஓடும், ஸ்விட்சின் நுனியை அது முறித்துவிடும் என்றார். முன்பு யாரோ அவசரத்தில் ஏர் எடுத்தபோதுதான் என் காரின் பிஸ்டன் ஒதுங்கியிருக்க வேண்டும், விளக்கு எரிந்திருக்கும், டேப்பும் அன்றுதான் வந்திருக்கும். முன்பக்கத்து ரப்பர் ஹோஸ் இரண்டையும் மாற்றும்படி, நான் கேட்காமலே அவர் சொன்னார். வெளியே நன்றாகத் தெரிகிற பழைய ஹோஸ் உள்ளே ஊதி அடைத்துக்கொள்ளும். மிதிக்கும்போது திரவம் போகும், காலை எடுத்த பின் திரும்பி வராது, பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே ஓடும் என்பது அவர் சொன்ன விளக்கம். மலையில் வந்த கருகல் வாடைக்கு அதுவும் பங்களித்திருக்கலாம்.

இவ்வளவையும் சரிசெய்த பிறகு இந்தக் காரின் பிரேக்கைப் பற்றி மனம் நிறைந்து எழுத முடிகிறது. முன்னால் 273 மி.மீ. டிஸ்க், பின்னால் 254 மி.மீ. டிரம், ஏறத்தாழ ஒரு டன் எடையுள்ள காருக்கு இது தாராளம். என் ஆண்டுக் காரில், மிதிக்கும் விசையைப் பெருக்கும் பிரேக் பூஸ்டர் கிடையாது. புதிதாக ஓட்டுகிறவருக்கு மிதி கடினமாக இருக்கும். ஒரு வாரத்தில் அதுவே வரமாகத் தெரியும், ஏனென்றால் சக்கரத்தில் நடப்பது எதுவும் வழியில் மழுங்காமல் நேரே உள்ளங்காலுக்கு வந்து சேர்கிறது. மிதி ஆழமாகப் போய், ஆனால் இரண்டாம் மிதிப்பில் உயர்ந்து கெட்டியாக நின்றால் பின் டிரம்மின் ஷூ தேய்ந்து தளர்ந்திருக்கிறது. பின்தட்டில் நீண்டிருக்கும் சதுரத் தலைத் திருகை இறுக்கி, சக்கரம் பூட்டிக்கொண்டதும் சற்றே தளர்த்தினால் போதும், பத்து நிமிட வேலை. மிதி பஞ்சுபோல் இருந்தால் காற்று அல்லது ஆவி. சிக்னலில் காலை அழுத்தியபடி நிற்கும்போது மிதி மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனால், மிதியின் விசையைத் திரவ அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டரின் சீல் கசிகிறது. அன்றைக்கே ஓட்டத்தை நிறுத்த வேண்டும். பிரேக் போடும்போது கார் ஒரு பக்கம் இழுத்தால் காலிப்பரையோ ஹோஸையோ சந்தேகிக்க வேண்டும். ஒவ்வொரு பயணத்தின் முடிவிலும் நான்கு சக்கரங்களின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோய் அனலை ஒப்பிட்டுப் பார்ப்பதை நான் வழக்கமாக்கிக்கொண்டேன். தன் ஜோடியை விடத் தெளிவாகச் சூடாக இருக்கும் சக்கரம் எதையோ மறைக்கிறது.

சிவப்பு விளக்கு உண்மையாகவே எரிந்துவிட்டால் என்ன செய்வது என்பதையும் வாங்குகிறவர் அறிந்திருக்க வேண்டும். மிதி வழக்கத்தை விட ஆழம் போகும். ஆனால் ஒரு சுற்று இன்னும் பிடிக்கும். போனது முன்சுற்று என்றால் பின்னால் உள்ள டிரம் இரண்டு மட்டுமே காரை நிறுத்தும், நிறுத்தத் தூரம் மிகவும் கூடும். மிதியை விடாமல் அழுத்தி, கியரை இறக்கி, ஓரமாக நிறுத்துவது ஒன்றே வழி. மெதுவாக ஓட்டிக்கொண்டு போய்விடலாம் என்ற எண்ணத்துக்கு இடமே கொடுக்கக் கூடாது.

தாமே ஸ்பேனர் பிடிக்க மனமுள்ளவருக்கும், அருகில் இந்தக் காரை அறிந்த மெக்கானிக் இருப்பவருக்கும் எம்.ஜி.பி.யை மனமாரப் பரிந்துரைக்கிறேன். பிரேக் உதிரிப் பாகங்கள் பெரும்பாலும் இன்றும் புதிதாகவே கிடைக்கின்றன. தினமும் ஏறி உட்கார்ந்து, சாவியைத் திருப்பி, விளக்கு எரியவில்லை என்பதை மட்டும் பார்த்துப் புறப்படுகிறவருக்குப் பரிந்துரைக்க மாட்டேன். வாங்கப் போகும் நாளில் ஒரு டார்ச்சையும் வெள்ளைத் துணி ஒன்றையும் கொண்டுசெல்லுங்கள். டேஷ்போர்டு ஸ்விட்சை அழுத்திப் பார்த்ததோடு நிற்காமல் பானட்டைத் திறந்து, அழுத்த ஸ்விட்சில் கம்பி மாட்டியிருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். பிறகு ஓட்டுநர் இருக்கைக்கு முன்னால் மண்டியிட்டு, பிரேக் மிதி மேலே போய்ச் சேருமிடத்தைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணி ஈரமாக வந்தால், விலையைப் பற்றிப் பேசும் முன் மாஸ்டர் சிலிண்டரைப் பற்றிப் பேசுங்கள்.